ஒரே ஸ்விட்ச்சில் இரண்டு விளக்கு

படுக்கையறை விளக்குகளின் கண்ணாடிக் கூண்டைக் கழற்றித் துடைப்பது அந்த வீட்டில் தையல்காரரான மாஸ்டரின் வேலை. உயரமான மனிதர். கையை நீட்டினால் எட்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலி போட்டு ஏறி அதைச் செய்துகொண்டிருந்தவள் அவர் மனைவி. முக்காலியில் ஒரு கால் குட்டை. அதன் அடியில் நாலாக மடித்த அட்டை ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தாள்.

கழுவுவதற்கு முன் உள்ளே செத்துக் கிடந்த பூச்சிகளைச் செய்தித்தாளில் தட்டினாள். தட்டியவள் சும்மா இருக்கவில்லை, எண்ணினாள். கதவுப் பக்கத்து விளக்கில் முப்பத்தெட்டு. சன்னல் பக்கத்து விளக்கில் நாற்பத்தொன்று. ஈரக் கையோடு அந்த இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவுப் பக்கம் அவள் படுக்கும் இடம். சன்னல் பக்கம் மாஸ்டருடையது. மாஸ்டர் அங்கே படுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. ஆளே இல்லாத இடத்து விளக்கில் மூன்று பூச்சி அதிகம்.

காரணம் தெரியாமல் இல்லை. இரண்டும் ஒரு தங்கும் விடுதியிலிருந்து வந்த விளக்குகள். அந்த விடுதிக்கு மாஸ்டர் திரைச்சீலை தைத்தபோது, அறைகளைப் புதுப்பிக்கிறோம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள். பித்தளைக் கை, பால் நிறக் கண்ணாடி. ஆணியில் மாட்டிவிட்டு பிளக்கைச் செருகினால் போதும். ஒவ்வொன்றின் வயருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அவை ஒன்றன்பின் ஒன்றாக உயிரை விட்டதும் மாஸ்டர் அவற்றை வெட்டி எடுத்து, வயரை நேராகச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றிவிட்டார். அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட், சன்னலுக்குக் கீழே. அதில் ஒரு நீட்டிப்புப் பலகை. பலகைக்கு ஒரே ஸ்விட்ச். எரிந்தால் இரண்டும் எரியும், அணைந்தால் இரண்டும் அணையும்.

அதனால்தான் பதினாலு மாதமாக, கைக்கு எண்ணெய் தடவவும் அலாரம் வைக்கவும் அவள் ஒரு விளக்கைப் போட்டால், காலியான பாதிக் கட்டிலுக்கும் சேர்த்து இன்னொரு விளக்கு எரிந்தது. அணைக்க வேண்டுமென்றால் அந்தக் காலி இடத்தைக் குறுக்கே தாண்டிக் கையை நீட்ட வேண்டும்.

கூண்டுகளைத் திருப்பி மாட்டிவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டாள். கூண்டு நேராக இருக்கிறதா என்று பித்தளைக் கையைத் தொட்டாள். சுருக்கென்றது. இன்னொருத்தியாக இருந்தால் கையை உதறிக்கொண்டு போயிருப்பாள். இவள் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

தெருவில் அவளுக்கு ‘லேப் அக்கா’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. லேபுக்குள்ளே அவளுக்கு வேறொரு பெயர் உண்டு: ‘ஏன் அக்கா’. புது இயந்திரம் வந்தால் அதைப் பொருத்த வந்த ஆள், ஏன் இந்த ஓசை, ஏன் இந்தச் சிவப்பு விளக்கு, ஏன் இந்த மூடி மட்டும் இடப்பக்கம் திருகுகிறது என்று அவளுக்கு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். கல்யாணமான முதல் வாரம், தையல் மெஷினின் அடி மூடியைத் திறந்து, “கீழ் நூலு எப்படிங்க மேல் நூலைப் பிடிக்குது? அதுக்குக் கை இருக்கா?” என்று கேட்டவள். மெஷினை யாரும் தொட விடாத மாஸ்டர் கோபப்படவில்லை. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஊசி இறங்குவதையும் கொக்கி வந்து நூலை வளைத்து இழுப்பதையும் மூன்று தரம் காட்டினார். நாலாவது தரம் அவளையே சுற்ற விட்டார். அந்தக் கல்யாணம் நன்றாக இருக்கும் என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

பிறகு இருபத்தேழு வருடம் ஓடியது. ஒரு மகள் பிறந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். போன வருடம் லேபில் அக்காவுக்குக் காலை ஷிஃப்ட் வந்தது. நாலரைக்கு எழுந்து ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மாஸ்டருக்கோ படுத்தால் துப்பறியும் நாவல் வேண்டும். நாற்பது பக்கமாவது படிக்காமல் கண் மூடாது. அவர் படித்தால் இரண்டு விளக்கும் எரியும். அவள் புரண்டு படுப்பாள். அவர் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்து அவளுக்கும் தூக்கம் வராது. ஒரு நாள் அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்குப் போனார். அங்கே துணி வெட்டும் நீள மேசை இருக்கிறது. மறுநாள் தலையணையும் போனது.

“இந்த வாரம் மட்டும்” என்றார்.

வாரம் முடிந்தது. ஷிஃப்ட் மாறியது, திரும்பவும் வந்தது, மறுபடியும் மாறியது. தலையணை மட்டும் வரவில்லை. சண்டை இல்லை, முகம் தூக்கவில்லை, சாப்பாட்டில் குறை இல்லை. காலையில் இருவரும் நல்ல பழக்கமுள்ள பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி காபி குடித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் ஏன் கேட்பவள் இதற்கு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வந்த பதிலைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால் வேறொரு வழி அவளுக்குத் தெரியும். லேபில் ஒரு முடிவு தப்பாக வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அன்று பூச்சிகளைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து, ஒரு பழைய பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். ஒன்று, வெளிச்சம். இரண்டு, ஃபேன்: கொஞ்ச காலமாக அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது, அஞ்சில் வைக்கிறாள், அவருக்குக் குளிரும். மூன்று, குறட்டை: தன்னுடையது. நாலு என்று போட்டுவிட்டு எதுவும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அது என்னவென்று அவளுக்குத் தெரியும். நாலு என்பது அவளேதான்.

முதலில் வெளிச்சம். அவர் அந்த அறையை விட்டுப் போனது வெளிச்சத்துக்காக மட்டும் என்றால், வெளிச்சத்தைப் பிரித்துவிட்டால் வந்துவிடுவார். வரவில்லை என்றால்? அதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மெஷின் அறைக்குப் போனாள்.

“ஏங்க, உங்க விளக்கு ஷாக் அடிக்குது.”

“என் விளக்கா?” மாஸ்டர் மெஷினை நிறுத்தவில்லை. “இப்ப ரெண்டும் உன் விளக்குதானே.”

“ரெண்டையும் சுவரோட சேர்த்து ஒயரிங் பண்ணிடலாம்னு இருக்கேன். பிளக்கே கிடையாது. ஆளுக்கொரு ஸ்விட்ச்.”

மெஷின் நின்றது. “ஒரு புது பலகை வாங்கி மாட்டினா போதுமே டாக்டரம்மா. தனித்தனி ஸ்விட்ச்சோட கிடைக்குதே.”

டாக்டரம்மா என்பது அவர் கிண்டல் செய்யும்போது வரும் பெயர்.

“போதும். ஆனா ஷாக் போகாது. அதுவுமில்லாம, பிளக்குல இருக்கறது எப்ப வேணும்னாலும் பிடுங்கிட்டுப் போயிடலாம்கிற மாதிரியே இருக்கு.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்தார். “எனக்கு எதுக்கு ஸ்விட்ச்சு?”

“சுவர்ல ரெண்டு விளக்கு இருக்கே. ஒண்ணுக்கு மட்டும் வெச்சா அசிங்கமா இருக்காதா?”

அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

எலெக்ட்ரீஷியன் அன்று சாயங்காலம் வந்தார். தெருவில் அவரை ‘மூணு டெஸ்டர்’ என்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் மூன்று டெஸ்டர் குத்தியிருக்கும். ஏன் மூன்று என்று அக்கா கேட்காமல் இருப்பாளா? பல வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டாள். “ஒருத்தன் பொய் சொல்லுவான். ரெண்டு பேர் கூட்டு சேர்ந்தும் சொல்லலாம். மூணு பேரு ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்கக்கா” என்றார். அன்றிலிருந்து அவர்மேல் அவளுக்குத் தனி மரியாதை.

அவர் விளக்கைத் தொடாமல் மூன்று டெஸ்டரையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றும் மின்னின.

“எத்தனை தடவை தொட்டீங்க?”

“ரெண்டு.”

“முதல் தடவை சரி, தெரியாம தொட்டீங்க. ரெண்டாவது தடவை ஏன்?”

“முதல் தடவை நிஜமாவே அடிச்சுதான்னு பார்க்க.”

மூணு டெஸ்டர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். “மாஸ்டர், மூணாவது தடவை தொட்டிருந்தா விளக்குக்குப் பதிலா அக்காவைத்தான் சுவர்ல மாட்டியிருக்கணும்.”

“மாட்டினாலும் ஆணி ஏன் இங்கே அடிச்சீங்கன்னு மேலேருந்து கேப்பா” என்றார் மாஸ்டர்.

மூணு டெஸ்டர் விஷயத்தை விளக்கினார். விளக்கின் உடம்பு பித்தளை. உள்ளே வரும் வயரில் இரண்டே கம்பி. எர்த் கம்பி இல்லை. எங்கேயோ உறை கிழிந்து கம்பி உடம்பைத் தொடுகிறது. “நிறைய பேரு பிளக்கை வெட்டி எறிஞ்சிட்டு அதே வயரைச் சுவத்துக்குள்ள புதைச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. அது வேலை இல்ல, வினை. சுவத்துல காடி வெட்டி, பைப்பு புதைச்சு, மூணு புது கம்பி இழுத்து, விளக்குக்குப் பின்னால ஒரு பெட்டி வெச்சு, அதுக்குள்ளதான் இணைப்புக் கொடுக்கணும். விளக்குக்குள்ள இருக்கற பழைய கம்பியையும் மாத்தணும்.”

“காடியை நான் வெட்டறேன் தம்பி” என்றாள் அக்கா.

“நீங்களா?”

“உளி இருக்கு. கை இருக்கு.”

“வெட்டுங்க. மெயினை அணைச்சிட்டு, நான் போடற கோட்டுல மட்டும். கம்பியைத் தொடறது என் வேலை.” அவர் கட்டிலின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். “சரி, படுத்தபடியே ஸ்விட்ச் கைக்கு எட்டணும். எந்தப் பக்கம் யாரு படுக்கறீங்க?”

கட்டில் மேல் நடுவில் ஒரே ஒரு தலையணை கிடந்தது. மாஸ்டர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் இரண்டு நுனியையும் சமமாக இழுத்து விட்டுக்கொண்டார்.

“சன்னல் பக்கம் அவரு” என்றாள் அக்கா.

மாஸ்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

எலெக்ட்ரீஷியன் போன பிறகு அவள் பென்சிலோடு சுவர் முன்னால் நின்றாள். “தரையிலேருந்து அம்பது அங்குலம்னு வெச்சுக்கலாம். பொதுவா அப்படித்தான் வைப்பாங்களாம்.”

“யாருக்குப் பொதுவா?” மாஸ்டர் கதவு நிலையில் சாய்ந்திருந்தார். “ரெடிமேடு சட்டை மாதிரி விளக்கு மாட்டப் போறியா? சுவத்தை அளக்காத. ஆளை அள.”

அவளைக் கதவுப் பக்கம் படிக்கிற மாதிரி உட்காரச் சொன்னார். தரையிலிருந்து அவள் காதுக்குக் கொஞ்சம் மேலே வரை டேப்பைப் பிடித்தார். “நாப்பத்தி நாலு.”

“இப்ப நீங்க உட்காருங்க.”

“எனக்கு எதுக்கு, ஒரு அஞ்சு அங்குலம் கூட்டிக்கோ.”

“ஆளை அளக்கணும்னு சொன்னது யாரு?”

மாஸ்டர் சன்னல் பக்கம் போய்க் கட்டிலின் ஓரத்தில், பேருந்தில் பாதி சீட்டுக் கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

“அப்படி இல்ல. படிக்கிற மாதிரி.”

காலை மேலே எடுத்துப் போட்டுச் சாய்ந்தார். அந்தப் பக்கத்துப் பலகை ஒரு கிறீச் போட்டது. அந்தச் சத்தத்தை அவள் மறந்தே போயிருந்தாள். அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். தெருவில் பாதிப் பேரின் தோளும் இடுப்பும் அவருக்கு மனப்பாடம். அவரை யாரும் அளந்து பார்த்ததில்லை. கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்பத்தொண்ணு. நெஞ்சை நிமித்தாதீங்க. படிக்கும்போது இப்படியா உட்காருவீங்க?”

“டேப்பைக் கண்டா எல்லாரும் நிமிருவாங்க. நான் தினமும் பார்க்கறதுதானே.”

“மூச்சை விடுங்க.”

விட்டார். தோள் தளர்ந்தது. நாற்பத்தொன்பது.

அதற்குப் பிறகு மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. வேலை தன் கைக்கு வந்துவிட்டது போல ஆனார். மெஷின் அறையிலிருந்து பழுப்புத் தாள் சுருளைக் கொண்டுவந்து கட்டிலின் அகலத்துக்கு வெட்டினார். சட்டைக்குத் தாளில் அளவு மாதிரி வெட்டுவது போலச் சுவருக்கும் ஒரு மாதிரி. கீழ்க்கோடு, நடுக்கோடு, சன்னல் பக்கம் உயரமான புள்ளி, கதவுப் பக்கம் தாழ்வான புள்ளி, பைப் இறங்க வேண்டிய பாதை, ஸ்விட்ச்சின் இடம். எல்லாம் சாக்கட்டியால் போட்டு, புள்ளிகளையும் பாதையையும் ஊசியால் குத்தி ஓட்டை செய்தார். சனிக்கிழமை கட்டிலை நகர்த்திவிட்டு அவரே அதைச் சுவரில் ஒட்டினார். சுருக்கம் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி. “இதுல ஒரு இழை தப்பாது” என்றார். பிறகு ஓட்டை வழியாகப் பென்சிலால் சுவரில் குறித்து, தாளை உரித்து எடுத்தார். மூணு டெஸ்டர் அந்தக் குறிகளைச் சேர்த்துக் கோடு போட்டார்.

கட்டிலை நகர்த்தியபோது அதன் அடியில் நூல் சுற்றிய ஒரு பாபின், இரண்டு ஊக்கு, தூசு பிடித்த ஒரு துப்பறியும் நாவல் கிடைத்தன. நாவலில் கடைசிப் பன்னிரண்டு பக்கத்துக்கு முன்னால் லேபின் சீட்டு ஒன்று அடையாளமாக வைத்திருந்தது.

“அட, இதைத்தான் தேடினேன்” என்றார் மாஸ்டர்.

“எப்ப?”

“போன வருஷம்.”

“கொலை பண்ணினது யாருன்னு தெரியாமலே ஒரு வருஷமா இருந்தீங்களா?” அக்காவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். “எப்படி இருக்க முடியுது உங்களால?”

“தொலைஞ்சு போச்சு. என்ன பண்றது?” புத்தகத்தைத் தொடையில் தட்டித் தூசு நீக்கிச் சன்னல் விளிம்பில் வைத்தார்.

அன்று முழுதும் அக்கா காடி வெட்டினாள். முதல் அரை மணி நேரம் சுவர் அவளை மதிக்கவில்லை. பிறகு உளியை எந்தச் சாய்வில் பிடித்தால் பூச்சு சீவலாக வருகிறது, எதில் கட்டியாகப் பெயர்கிறது என்று பிடிபட்டது. மேல் பூச்சு வெள்ளை, அதற்குக் கீழே வெளிர்ப் பச்சை, அதற்கும் கீழே ஒரு நீலம். தாங்கள் குடிவருவதற்கு முன் இங்கே யாரோ நீல அறையில் தூங்கியிருக்கிறார்கள். அவர்கள் யாராக இருக்கும் என்று யோசித்தபடி வெட்டியதில் கோடு கொஞ்சம் அகலமாகிவிட்டது. தலையெல்லாம் வெள்ளையாக வெளியே வந்தவளைப் பார்த்து மாஸ்டர், “ஒரே நாள்ல பத்து வயசு கூட்டிக்கிட்டியே” என்றார். ஈரத் துண்டு கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூணு டெஸ்டர் பைப்பைப் பதித்து, கம்பி இழுத்து, விளக்குகளின் வயிற்றைத் திறந்து பழைய கம்பியை உருவிப் போட்டார். அறுத்துப் போட்ட இரண்டு பிளக்கும் தரையில் கிடந்தன. பித்தளை உடம்பில் பச்சைக் கம்பியை முறுக்கும்போது அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். “இது சும்மா இருக்கும். ஒரு வேலையும் செய்யாது. ஆனா ஏதாவது தப்பு நடந்தா மொத்தத்தையும் இதுதான் தாங்கி மண்ணுக்குக் கொண்டுபோகும்.” அக்கா குனிந்து பார்த்தாள். தப்பு நடக்காமலே இருந்தால் இது இங்கே இருப்பது யாருக்கும் தெரியாதே என்று கேட்டாள். “தெரியவே கூடாதுக்கா” என்றார்.

காடியைச் சிமென்டால் அடைத்து, மெயினைப் போட்டு, மூன்று டெஸ்டரையும் பித்தளைமேல் வைத்துக் காட்டினார். ஒன்றும் மின்னவில்லை. மூவரும் சேர்ந்து கட்டிலைச் சுவரோடு தள்ளினார்கள். “உட்கார்ந்து பாருங்க” என்றார் மூணு டெஸ்டர்.

அக்கா கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். விளக்கு அவள் உச்சந்தலை உயரத்துக்கு ஏறி நின்றது. மாஸ்டர் சன்னல் பக்கம் உட்கார்ந்தார். விளக்குக் கூண்டு அவர் தோளில் கன்னம் வைத்துக்கொள்வது போல நின்றது.

கொஞ்ச நேரம் மூவரும் சுவரையே பார்த்தார்கள்.

“நான் குறி இருந்த இடத்துலதான் ஓட்டை போட்டேன்” என்றார் மூணு டெஸ்டர், எதற்கும் இருக்கட்டும் என்று.

அக்கா மூலையில் சுருட்டிக் கிடந்த பழுப்புத் தாளை விரித்தாள். சாக்கட்டிக் கோடு உள்ள பக்கத்தில் சுவரின் வெள்ளை அப்பியிருந்தது. கோடு இல்லாத பக்கம் சுத்தமாக இருந்தது. அவளுக்கு நடந்தது புரிந்துவிட்டது. தையல்காரர் குறியைத் துணியின் உள்பக்கம்தான் போடுவார், வெளியே கறை தெரியக் கூடாது. முப்பது வருடப் பழக்கம். கோடு போட்ட பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து, அழகாக, ஓர் இழை தப்பாமல் ஒட்டியிருக்கிறார். ஓட்டை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஓட்டைதான். இடம் வலமாகிவிட்டது.

“மாஸ்டர், சுவருக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுவிட்டுட்டீங்க” என்றார் மூணு டெஸ்டர்.

மாஸ்டருக்குக் காது சிவந்தது. வாடிக்கையாளர் யாரிடமும் ஒரு சட்டையைத் திருப்பி வாங்கியதில்லை அவர். தாளை அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஓட்டையை அடைச்சிட்டு மறுபடி வெட்டலாம். இன்னும் ரெண்டு நாள் வேலை” என்றார் மூணு டெஸ்டர்.

“எதுக்கு வெட்டணும்?” மாஸ்டர் தாளைச் சுருட்டினார். “பக்கம் மாறிப் படுத்தா சரியாப் போச்சு.”

மாறிப் படுத்தா. யார், எப்போது என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அக்கா முகத்தை மாற்றாமல், “காலையில நாலரைக்கு எந்திரிக்கறவ நான். கதவு இனி எனக்குத் தூரமாச்சே” என்றாள்.

“அதுவும் சரிதான்” என்று மாஸ்டர் பின்வாங்கினார்.

“பரவாயில்ல. இருக்கட்டும்” என்றாள் அவசரமாக. ஒன்றை மட்டும் மாற்ற நினைத்தாள், இரண்டு மாறிவிட்டது. லேபாக இருந்தால் இந்தப் பரிசோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருப்பாள்.

மூணு டெஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி, “எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மாத்தாதீங்க, ஸ்விட்ச் கை பழகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் இரண்டு மணி. வெயில் சன்னலில் நின்றது. அக்கா திரைச்சீலையை இழுத்து மூடினாள். மாஸ்டர் தைத்தது, உள்ளே கறுப்புத் துணி கொடுத்தது. அறை இருண்டது.

“நான் சன்னல் பக்கம் படுத்துக்கறேன். கண்ணை மூடிக்கறேன். நீங்க அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்க விளக்கை மட்டும் போடுங்க. எனக்கு வெளிச்சம் வருதான்னு பார்க்கணும்.”

“இதுக்கும் ஒரு பரிசோதனையா?” என்றார். ஆனால் போகும்போது சன்னல் விளிம்பிலிருந்து நாவலை எடுத்துக்கொண்டார்.

ஒரே தலையணையை அவள் வைத்துக்கொண்டாள். அவர் வெறும் பலகையில் சாய்ந்தார். பலகை முதுகில் உறுத்த, இரண்டு தரம் நெளிந்தார். அவள் சன்னலைப் பார்க்கத் திரும்பிக் கண்ணை மூடினாள்.

“போடுங்க.”

இமைக்குள் எதுவும் மாறவில்லை.

“போட்டீங்களா?”

“எப்பவோ போட்டாச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியல.” அவள் குரலில் இருந்த வியப்பு அவளுக்கே கேட்டது. இமைக்குள் நல்ல இருட்டு. சிமென்ட் வாசனை. “அணைச்சு மறுபடி போடுங்க.”

டிக். டிக்.

“இப்ப?”

“ம்ஹூம். இல்ல.”

ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அவர் படிக்கவே ஆரம்பித்துவிட்டார். அவள் அசையாமல் படுத்திருந்தாள். இந்தச் சத்தத்துக்கு முன்பெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். இப்போது எண்ணினாள். மூன்று, நாலு, ஐந்து. மனதுக்குள் இருந்த சீட்டில், ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே ஒரு சரி போட்டாள். வெளிச்சம் இனி ஒரு காரணம் இல்லை. இன்று ராத்திரி அவர் மேசைக்குப் போனால், அது வேறு காரணத்துக்காகத்தான் இருக்கும். இத்தனை நாள் அவளுக்கு இருந்த வசதியான சாக்கைத் தன் கையாலேயே உளி வைத்து வெட்டி எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு பக்கமும் முடிந்திருக்க வேண்டும். புத்தகம் மூடியது.

“யாரு?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“யாரு என்ன?”

“கொலைகாரன்.”

“கணக்குப்பிள்ளை. நான் நினைச்ச ஆள் இல்ல.” புத்தகத்தை மடியில் வைத்தார். “ஒண்ணு கேட்கணும் உன்கிட்ட.”

அவள் கண்ணைத் திறந்தாள். தலைமாட்டுச் சுவரில், அவளே வெட்டிய காடியின் ஈரச் சிமென்ட் கோடு மேலிருந்து கீழே இறங்கியது.

“செத்த பூச்சியை எண்ணுன. ஷாக் அடிச்சா நிஜமா அடிச்சுதான்னு திரும்பவும் தொட்டுப் பார்த்த. சுவத்துக்குள்ள நீலம் இருக்குன்னா அது யார் அடிச்ச நீலம்னு யோசிக்கற. அந்தக் காலத்துல மெஷினையே பிரிச்சுப் பார்த்தவ நீ.” அவர் குரலில் கோபம் இல்லை. துணியில் ஒரு மடிப்பு ஏன் விழுகிறது என்று பார்க்கிறவரின் குரல். “நான் அந்த ரூமுக்குப் போனப்ப மட்டும் ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல. ஒரு நாள் கேப்ப, ரெண்டு நாள்ல கேப்பன்னு பார்த்தேன். தலையணையை எடுத்தேன், அப்பவும் கேட்கல. சரி, இவளுக்கு இதுதான் சௌகரியம்போலன்னு இருந்துட்டேன். ஏன் கேட்கல?”

பதில் அவளிடம் இருந்தது. பதினாலு மாதமாக இருந்தது, நாலு என்ற எண்ணுக்கு எதிரே. அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. வாயைத் திறந்தாள். அவர் வெறும் பலகையில் மறுபடி நெளிவது முதுகுப் பக்கம் கேட்டது.

எழுந்தாள். கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து கதவுக்குப் போக இப்போது முழுதும் சுற்ற வேண்டியிருந்தது. கட்டில் நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதங்களைத் தாண்டினாள். விளக்கு வெளிச்சத்தில் மூடிய புத்தகத்தை மடியில் வைத்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கேட்டது காதுல விழுந்துதா?”

கதவைத் திறந்தாள். வெளியே வலப்பக்கம் சமையலறை, இடப்பக்கம் மெஷின் அறை, அங்கே மேசைமேல் அவர் தலையணை. இடப்பக்கம் போனாள்.